மோட்டார் பெட்டி தமிழில் பேசட்டும்

எங்கள் பெரியப்பாவின் தோட்டத்தில் ஓர் ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது. ஐந்து குதிரைசக்தி நீர்மூழ்கி மோட்டார். அதற்குப் புதிதாக ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று வாங்கி மாட்டினார்கள். பெட்டியின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு. அது இரண்டு முறை மின்னினால் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று பொருளாம். மூன்று முறை மின்னினால் மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை வரவில்லை என்று பொருளாம். இந்த விவரமெல்லாம் பெட்டியோடு வந்த ஆங்கிலத் தாளில் இருந்தது. தாளோ மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

ஒரு கோடை இரவில் மோட்டார் நின்றது. பெரியப்பா டார்ச்சு எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போய்ப் பார்த்தார். விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அழுத்திப் பார்த்தார், ஓடி நின்றது. மறுபடி அழுத்தினார், மறுபடி நின்றது. பெட்டிதான் பழுது என்று முடிவு கட்டினார். மறுநாள் ஆளை வைத்துப் பெட்டியை ஒதுக்கிவிட்டு மோட்டாரை நேரடியாக ஓட்டினார். நீர்மூழ்கி மோட்டாரைச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது. வற்றிய கிணற்றில் ஓடிய மோட்டார் எத்தனை நேரம் தாங்கும்? காயில் கருகிவிட்டது. குழாயை மேலே தூக்கி, காயில் சுற்றி, திரும்ப இறக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. சின்ன வெங்காயம் காய் பெருக்கும் தருணம் அது. அந்த ஆண்டு வெள்ளாமை அவ்வளவுதான்.

இதில் குற்றம் யாருடையது என்று நான் பலநாள் யோசித்ததுண்டு. பெட்டி பொய் சொல்லவில்லை. தண்ணீர் இல்லை என்று உள்ளபடியே சொன்னது. ஆனால் அறுபத்தெட்டு வயது உழவருக்குப் புரியாத சாடையில் சொன்னது. ஊமை ஜாடை காட்டினால் பக்கத்தில் இருப்பவன் ஊகித்துக்கொள்வான். இருட்டில் காட்டினால் யார் கண்டுகொள்வது?

விவசாயிகள் பணம் கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும், தனக்கு வந்த இடைஞ்சலை விவசாயியின் தாய்மொழியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. தயாரிப்பாளர்கள் மனம் வைக்கும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஊரில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பிள்ளை இருந்தால் போதும்.

குரலின் வலிமை நாம் அறியாததா?

தஞ்சைப் பகுதியின் மூத்த விவசாயிகளுக்கு நினைவிருக்கும். 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தபோது, அதன் சிறப்பைத் திருச்சி வானொலி உழவர்களுக்கு எடுத்துச் சொன்னது. கேட்டவர்கள் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விதையின் பெயரையே மாற்றிவிட்டது ஒரு குரல். எழுதப் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் அதற்கு இல்லை. வேலை செய்துகொண்டே கேட்கலாம், கண்ணாடி தேட வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம்.

அன்று பேசும் கருவி என்றால் வானொலி நிலையமும் ஒலிபரப்புக் கோபுரமும் தேவைப்பட்டன. இன்று தீப்பெட்டியை விடச் சிறிய பலகை ஒன்று பேசுகிறது. இந்த மாற்றத்தை நம் தோட்டத்துக்கு இன்னும் நாம் கொண்டுவரவில்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மைக்ரோகண்ட்ரோலர் என்பது ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி. மாணவர்கள் பழகுவதற்கென்று இத்தாலியில் 2005ல் தோன்றிய ஆர்டுயினோ என்ற போர்டு இன்று நம் நகரங்களின் மின்னணுச் சாமான் கடைகளிலும் கிடைக்கிறது. கம்பியில் மின்னழுத்தம் வந்ததா, வரவில்லையா என்று பார்த்து, அதற்கேற்ப ஒரு வேலையைச் செய்ய அதற்குக் கட்டளை எழுதி ஏற்றலாம்.

இதை ஒலிக்க வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒலியைப் போர்டே உண்டாக்குவது. ஒரு முனையில் மின்சாரத்தை விநாடிக்கு 1,000 முறை விட்டு விட்டு அனுப்பினால் ஸ்பீக்கர் 'கீ' என்று கத்தும். எண்ணிக்கையைக் கூட்டினால் சுருதி ஏறும், குறைத்தால் இறங்கும். ஏற்றி இறக்கி அனுப்பினால் சங்கு ஊதுவது போலவும், இரண்டு சுருதியை மாற்றி மாற்றி அனுப்பினால் மணி அடிப்பது போலவும் கேட்கும். இதற்குத் தனிச் சாமான் எதுவும் வேண்டாம். போர்டும் சிறு ஸ்பீக்கரும், நடுவில் ஒரு ரெசிஸ்டரும் போதும்.

ஆனால் சங்கும் மணியும் விளக்கைப் போலத்தான். எது எதற்கு என்று மனப்பாடம் செய்ய வேண்டும். பேச்சுக்கு வந்தால்தான் குழப்பம் தீரும்.

போர்டையே பேச வைக்க முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1978லேயே 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்ற குழந்தைகளின் எழுத்துக்கூட்டும் கருவியில் ஒரு சில்லைப் பேச வைத்தது. குரலை அப்படியே சேமிக்காமல், தொண்டையும் வாயும் ஒலியை எப்படி வடிக்கின்றன என்ற கணக்கை மட்டும் சேமிக்கும் முறை அது. ஒரு விநாடிப் பேச்சு ஏறத்தாழ 150 பைட்டில் அடங்கிவிடும். அதே முறையில் ஆர்டுயினோவைப் பேச வைக்கும் 'டாக்கி' என்ற இலவச நிரலும் இருக்கிறது. ஆனால் அதோடு வரும் சொற்கள் ஆங்கிலச் சொற்கள்; குரலும் தகரத்தில் பேசுவது போல இருக்கும். தமிழை எழுத்திலிருந்து வாசிக்கும் நிரல்கள் உண்டென்றாலும் அவற்றுக்கு இதைவிடப் பெரிய கணினி வேண்டும்.

ஆகவே நமக்கு ஏற்றது இரண்டாவது வழி: மனிதக் குரலைப் பதிவு செய்து வைத்து, வேண்டியபோது ஒலிக்கச் செய்வது. இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். தொலைபேசித் தரத்தில் ஒரு விநாடிப் பேச்சைப் பதிய 8,000 பைட் வேண்டும். ஆர்டுயினோ யூனோ போர்டின் நினைவகம் மொத்தமே 32 கிலோபைட். கட்டளைக்கு உரிய இடம் போக மூன்று விநாடிப் பேச்சுத்தான் அதில் அடங்கும். 'தண்ணீர் இல்லை' என்று ஓரிரு முறை சொல்வதற்குள் தீர்ந்துவிடும்.

இதற்கு விடைதான் எம்.பி.3 தகடு. 'டி.எஃப். பிளேயர் மினி' என்று கேட்டால் கடையில் தருவார்கள். விரல் நுனியளவு இருக்கும். கைப்பேசியில் போடும் மெமரி கார்டு அதற்குள் பொருந்தும், 32 ஜி.பி. வரை ஏற்கும். 8 ஜி.பி. கார்டிலேயே 100 மணி நேரத்துக்கு மேல் பேச்சைப் பதியலாம். 3 வாட் வரை ஸ்பீக்கரை அதுவே இயக்கும். போர்டு செய்ய வேண்டியது ஒன்றே: 'இரண்டாம் எண் பேச்சை ஒலி' என்று தகட்டுக்குக் கட்டளை அனுப்புவது. போர்டு, தகடு, ஸ்பீக்கர், பேட்டரி எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்தான் ஆகும். காயில் சுற்றும் கூலியோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

பெரியப்பா வீட்டுக்கு இப்படி ஒரு பெட்டியை என் அண்ணன் மகள் செய்து கொடுத்தாள். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முதல் பெட்டி சரியாக வரவில்லை, மூன்றாவதுதான் நின்றது. அவள் பட்ட பாட்டிலிருந்து சில குறிப்புகள்:

பேசத் தொடங்கும் நொடியில் ஸ்பீக்கர் அதிக மின்சாரத்தை இழுக்கும். அதனால் போர்டு அணைந்து மறுபடி உயிர் பெறும். பேச்சு பாதியில் அறுந்து போகும். மின்சாரம் வரும் இரு முனைகளுக்கும் குறுக்கே 1,000 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒன்றைப் போட்டதும் இது தீர்ந்தது.

பேச்சோடு 'உஸ்' என்ற இரைச்சல் வந்தால், போர்டிலிருந்து தகட்டுக்குக் கட்டளை போகும் வயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

ஸ்பீக்கரின் இரண்டு வயர்களையும் தகட்டில் அதற்கென்று உள்ள இரண்டு முனைகளில்தான் சேர்க்க வேண்டும். ஒன்றைக் கிரவுண்டில் சேர்த்தால் தகடு கெட்டுப் போகும்.

கார்டில் பேச்சுகளைக் கண்டபடி போட்டால், கார்டில் ஏற்றிய வரிசைப்படியே தகடு எண்ணும், பெயரைப் பார்க்காது. தண்ணீர் தீர்ந்ததற்குக் கரண்ட் போனது என்று சொல்லும். 'எம்.பி.3' என்ற பெயரில் உறை ஒன்று உண்டாக்கி, அதற்குள் 0001, 0002 என்று நான்கு இலக்கத்தில் பெயரிட்டு, அந்த உறைக்குரிய கட்டளையால் அழைத்தால் இந்தத் தவறு நேராது.

கரண்ட் போனதைச் சொல்ல வேண்டிய பெட்டி கரண்ட்டிலேயே ஓடினால் யாருக்கு என்ன பயன்? ஆகவே பேட்டரி அவசியம். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் இதற்கு உதவாது. குறைந்த மின்சாரம் எடுத்தால், வேலை முடிந்ததென்று எண்ணி அவற்றுள் பல தாமே அணைந்துவிடும். லித்தியம் செல் ஒன்றும் அதைச் சார்ஜ் ஏற்றும் சிறு தகடும் வைப்பதே நல்லது.

ஸ்பீக்கரை வெறுமனே தொங்க விட்டால் சத்தம் எழாது. மரப்பெட்டியிலோ கூட்டிலோ பொருத்த வேண்டும். எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் கூடும் ஸ்பீக்கரும் இதற்கு அருமையாகப் பொருந்தின. பெட்டி மோட்டார் கொட்டகையில் இல்லை; வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. கொட்டகையிலிருந்து வயர் மட்டும் வந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்டார்ட்டருக்குள் ஓடுவது 415 வோல்ட் மும்முனை மின்சாரம். நம் போர்டு வேலை செய்வது 5 வோல்ட்டில். இரண்டும் எக்காரணம் கொண்டும் நேரடியாகச் சேரக் கூடாது. இடையில் ரிலே வைத்து, அதன் மின்சாரமில்லாத தொடுமுனையிலிருந்து மட்டுமே வயரை வெளியே கொண்டுவர வேண்டும். இந்த வேலையைத் தகுதி பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். படிக்கிற பிள்ளைகளைக் கைவைக்க விடாதீர்கள். மோட்டாரை நிறுத்துவது ஸ்டார்ட்டரின் வேலை. ஏன் நின்றது என்று சொல்வது மட்டுமே நம் பெட்டியின் வேலை.

எதைச் சொல்ல வேண்டும், யார் சொல்ல வேண்டும்?

எங்கள் பெட்டி நான்கே செய்திகளைச் சொல்கிறது. தண்ணீர் வற்றியது, ஒரு முனை வரவில்லை, கரண்ட் போனது, கரண்ட் வந்தது. அவ்வளவுதான்.

குரல் பெரியம்மாவுடையது. விடியற்காலையில், அரவமில்லாத நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் பதிந்தோம். எதிரொலி வராமல் இருக்கச் சுவரோரம் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டோம். முதலில் அவர் பாடப் புத்தகம் வாசிப்பது போலப் பேசினார். "அப்படி வேண்டாம் பெரியம்மா, பெரியப்பாகிட்ட எப்படிச் சொல்லுவீங்களோ அப்படியே சொல்லுங்க" என்றேன். சிரித்துவிட்டு, "என்னுங்க, தண்ணி வத்திப் போச்சுங்க. மோட்டாரு தானா நின்னுருச்சு. மறுபடி போடாதீங்க" என்றார். அதையே வைத்தோம்.

'மறுபடி போடாதீங்க' என்ற அந்தக் கடைசிச் சொல்லை நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அவராகச் சேர்த்தது. காயில் கருகிய அன்று சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. எந்தப் பொறியாளருக்கும் தோன்றாத சொல், நட்டம் பட்ட வீட்டிலிருந்துதான் வரும். செய்தியை எழுதும் உரிமை உழவர் வீட்டுக்கே இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

குரலுக்கு முன்னால் இரண்டு சுருதியில் மணி ஒன்று ஒலிக்கும். அது போர்டே உண்டாக்கும் ஒலி. காற்றடித்தால் தொலைவில் இருப்பவருக்குச் சொல் தேயும், மணி தேயாது. மணி கேட்டுத் தலையைத் திருப்பினால் இரண்டாம் முறை சொல்லும்போது பேச்சு விளங்கும்.

எண்களைச் சொல்லும் பெட்டி செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோழிக்குஞ்சுக் கொட்டகையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரக் குஞ்சுகளுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். இரவில் அது 28க்கு இறங்கினால் பெட்டி சொல்ல வேண்டும். 'இருபது', 'எட்டு' என்று தனித்தனியே பதிந்து ஒட்டினால் 'இருபது எட்டு' என்று வரும். நாம் 'இருபத்தெட்டு' என்றல்லவா சொல்கிறோம்? இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் புணர்கிறது. ஆங்கிலப் பெட்டிகளின் முறையை அப்படியே எடுத்தால் தமிழ் முறியும். ஒன்று முதல் நூறு வரை எல்லா எண்களையும் முழுதாகப் பதிந்துவிடுவதே எளிது. கார்டில் இடம் கிடக்கையில் கஞ்சத்தனம் எதற்கு?

ஓயாமல் பேசும் பெட்டி உதவாது

சத்தம் என்றதும் காட்டுப்பன்றியை விரட்ட முடியுமா என்று கேட்பவர்கள் பலர். புலி உறுமலையும் வேட்டுச் சத்தத்தையும் பதிந்து ஒலிக்கச் செய்யும் பெட்டிகள் விற்பனைக்கு வருகின்றன. நாமே செய்யவும் முடியும். ஆனால் ஒரே சத்தம், ஒரே நேரத்தில், ஒரே மூலையிலிருந்து வந்தால் விலங்குகள் பழகிக்கொள்ளும். நாலு நாள் ஓடிய பன்றி அஞ்சாம் நாள் ஸ்பீக்கருக்குக் கீழேயே கிழங்கைத் தோண்டும். விலங்கு நடமாட்டம் தெரிந்தால் மட்டும் ஒலிக்கும்படியும், பல சத்தங்களை முறை மாற்றி ஒலிக்கும்படியும், அடிக்கடி இடம் மாற்றியும் வைத்தால் சில காலம் பயன் தரும். பெட்டியை நம்பிக் காவலை விட்டுவிடக் கூடாது.

இந்த விதி மனிதர்களுக்கும் பொருந்தும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'மோட்டார் நன்றாக ஓடுகிறது' என்று சொல்லும் பெட்டியை ஒரு வாரத்தில் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். அது அபாயத்தைச் சொல்லும்போதும் கேட்கமாட்டார்கள். சொல்ல வேண்டியது இருந்தால் மட்டும் பேச வேண்டும். இரண்டு முறை சொல்லி நிறுத்த வேண்டும்.

கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு?

இப்படிக் கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மோட்டார் நின்றால் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் கருவிகள் வந்துவிட்டது உண்மைதான். அவற்றை நான் குறை சொல்லவில்லை. வெளியூரில் இருப்பவருக்கு அவை வேண்டும். ஆனால் அவற்றுக்குச் சிம் கார்டு வேண்டும், காசு கட்ட வேண்டும், கோபுரத்தின் சைகை எட்ட வேண்டும். தகவல் ஆங்கில எழுத்தில் வந்தால் படிக்க மகனைத் தேட வேண்டும். மகனோ திருப்பூரில் இருப்பான். திண்ணையில் இருக்கும் பெட்டிக்கு இதெல்லாம் வேண்டாம். வீட்டில் பாட்டி மட்டும் இருந்தாலும் அவர் காதில் விழும்.

செய்ய வேண்டியது என்ன?

கைப்பேசி மூலம் பம்புசெட்டை இயக்கும் கருவிகளுக்கு நம் அரசு மானியம் தந்து வந்திருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் மானியம் பெறும் கருவி மக்கள் மொழியில் பேச வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ப்பதில் என்ன சிரமம்? வேளாண்மைப் பொறியியல் துறையினர் இதைச் சிந்திக்க வேண்டும். ஸ்டார்ட்டர் செய்பவர்கள் அதற்குள் ஒரு கார்டும் ஸ்பீக்கரும் வைத்து, குரலை விவசாயியே மாற்றிக்கொள்ள வழி விட்டால் அந்தப் பெட்டியைத் தேடி வாங்குவார்கள்.

பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் செயல்திட்டம் என்ற பெயரில் எதையோ செய்து, மதிப்பெண் வாங்கியதும் பரணில் போடுகிறார்கள். அவர்களில் சிலரேனும் பக்கத்து ஊர்த் தோட்டத்துக்குப் போய், 'உங்கள் மோட்டார் உங்களிடம் என்ன சொன்னால் நல்லது?' என்று கேட்கட்டும். பதிலைக் கேட்டுக்கொண்டு பெட்டி செய்யட்டும். வேளாண் அறிவியல் நிலையங்கள் அந்தப் பெட்டிகளை ஒரு பருவம் வைத்துப் பார்த்து, எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று உழவர்களுக்குச் சொல்லலாம்.

விவசாயிகளுக்கும் ஒன்று சொல்வேன். இனி எந்தக் கருவி வாங்கினாலும், அதன் விளக்கும் சத்தமும் என்ன சொல்கின்றன என்று கடைக்காரரைக் கேட்டு, தமிழில் எழுதி வாங்கிப் பெட்டியின் மேலேயே ஒட்டுங்கள். பேசும் பெட்டி வரும்வரை அந்தத் தாள் பேசட்டும்.

சென்ற பங்குனியில் பெரியப்பாவின் கிணறு மறுபடி வற்றியது. நள்ளிரவில் திண்ணையில் மணி அடித்தது. பெரியம்மாவின் குரல் கேட்டது. பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். வரப்பில் நடக்கவில்லை, பொத்தானை அழுத்தவில்லை. "சரி, காலையில பாத்துக்கலாம்" என்று பெட்டியிடமே சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். மோட்டார் இன்றும் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிறது.